நிறுத்தப்பட்ட கடன் நோட்டு: இலவச அரிசிக்கு அப்பால் சேரியின் உணவுக் கணக்கு

எங்கள் அலுவலகத்திலுள்ள ஒரு வழக்குக் கட்டில், முதல் தகவல் அறிக்கைக்கும் சாதிச் சான்றிதழ் நகலுக்கும் இடையே நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று தைத்து வைக்கப்பட்டுள்ளது. மளிகைக் கடன் நோட்டு. தேதி, பொருள், தொகை என்று கடைக்காரரின் கையெழுத்திலேயே வரிசையாக எழுதப்பட்டது. துவரம்பருப்பு கால் கிலோ, கடலை எண்ணெய் நூறு மில்லி, தக்காளி அரைக் கிலோ, முட்டை இரண்டு, பூண்டு பத்து ரூபாய்க்கு, பால் பாக்கெட் ஒன்று. சனிக்கிழமைதோறும் கூலி வந்ததும் பழைய பாக்கி அடிக்கப்பட்டு, ஞாயிறு முதல் புதிய பாக்கி தொடங்குகிறது. ஏழு மாதம் இப்படியே செல்லும் நோட்டு, ஒரு செவ்வாய்க்கிழமையோடு நின்றுவிடுகிறது. மீதிப் பக்கங்கள் வெற்றுத்தாள்கள்.

அந்தத் திங்கள் இரவுதான், பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கச் சென்ற பெண்கள் சாதி சொல்லி வசைபாடப்பட்டதற்காகக் காலனி மக்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தனர். செய்தி ஊருக்குள் பரவ ஒரு பகல் பிடித்திருக்கிறது. புதன்கிழமை முதல், காலனிக்காரர்களுக்குக் கையில் காசு இருந்தால் மட்டுமே பொருள் என்றானது. ஊர்த்தெருவுக்கு நோட்டு எப்போதும்போல் தொடர்ந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்ட கேள்வி எளிமையானது: “பொருள் கொடுக்க மறுக்கவில்லையே? கடன் கொடுப்பதும் கொடுக்காததும் கடைக்காரர் இஷ்டம்தானே?”

இக்கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை உண்டு. அதற்குப் பின்னர் வருவோம். அதற்குமுன், வீட்டில் இலவச அரிசி இருக்கும்போது இரண்டு முட்டைக்கும் அரைக் கிலோ தக்காளிக்கும் கடன் நிறுத்தப்பட்டது ஒரு குடும்பத்தை ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ‘அரிசிதான் சும்மா கிடைக்கிறதே’ என்ற பேச்சை நீதிமன்ற வராந்தாவிலும் கேட்கிறோம், கல்லூரிக் கருத்தரங்குகளிலும் கேட்கிறோம்.

ரேஷன் பை எவ்வளவு நிரப்புகிறது?

தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று மக்களைப் பிரித்து ஏழைகளைத் தேடிக் களைத்த பல மாநிலங்களுக்கு நடுவே, அனைவருக்குமான விநியோகத்தை விடாமல் காத்த மாநிலம் இது. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தபோதும், 2016 நவம்பரில் அதனுள் இணைந்தபோதும் அந்த ஏற்பாட்டைத் தமிழ்நாடு கைவிடவில்லை. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் வழியே துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. பசியால் சாகாமல் பல தலைமுறைகளைக் காத்ததில் இந்தக் கடைகளுக்குப் பங்குண்டு. ஆனால் பசி தீர்வதும் ஊட்டம் பெறுவதும் ஒன்றல்ல.

நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 20 கிலோ அரிசி என்றால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 167 கிராம். 1 கிலோ பருப்பு என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் சொச்சம். ஒரு தேக்கரண்டி அளவு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் ஒருவருக்குப் பரிந்துரைப்பதோ நாளொன்றுக்குத் தானியம் ஏறத்தாழ 250 கிராம். பருப்பு, முட்டை, இறைச்சி, மீன் எல்லாம் சேர்த்து 85 கிராம். காய்கறி, கீரை 400 கிராம். பழம் 100 கிராம். பால் 300 மில்லி. ஆக, ரேஷன் பை தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்புகிறது. பருப்பில் பத்தில் ஒரு பங்கைத் தொடுகிறது. காய், கீரை, பழம், பால், முட்டை, கறி, மீன் ஆகியவற்றில் எதுவுமில்லை. அவை அனைத்தும் சந்தையின் கையில் உள்ளன.

இனி அந்தச் சந்தைக் கணக்கைப் பார்ப்போம். காய்கறி சராசரியாகக் கிலோ 40 ரூபாய் என்று மலிவாகவே வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ஆளுக்கு 400 கிராம் என்றால் நாளொன்றுக்கு 1.6 கிலோ; 64 ரூபாய்; மாதத்திற்கு 1,920 ரூபாய். இது காய்க்கு மட்டும். 2025-26ஆம் நிதியாண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அந்தக் கூலி முழுதாகக் கைக்கு வரும் நாளில்கூட ஐந்தில் ஒரு பங்கு காய்க்கே போக வேண்டும். கூலி இல்லாத நாளுக்கு என்ன கணக்குப் போடுவது? மகளிர் உரிமைத் தொகையான 1,000 ரூபாய் நாளொன்றுக்கு 33 ரூபாயாகிறது. காய்க்கணக்கில் பாதியை அது ஈடுகட்டும் என்பது சிறிய செய்தியன்று. ஆனால் அந்தத் தொகை வரும் நாளுக்காக மகளிர் குழுக் கடன் தவணையும் காத்திருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்திய ஊரகப் பகுதிகளில் ஒருவருடைய மாதச் சராசரிச் செலவு 3,773 ரூபாய். சமூகவாரியாகப் பிரித்தால் பட்டியல் சாதியினருக்கு 3,474 ரூபாய், பழங்குடியினருக்கு 3,016 ரூபாய், ‘மற்றோர்’ என்று குறிக்கப்படும் முன்னேறிய பிரிவினருக்கு 4,392 ரூபாய். பட்டியல் சாதிக்கும் ‘மற்றோருக்கும்’ இடையே ஆளுக்கு 918 ரூபாய் வேறுபாடு. நான்கு பேர் குடும்பத்தில் இது மாதம் 3,672 ரூபாயாகும். மேலே சொன்ன காய்க்கணக்கை அடைத்து, முட்டைக்கும் பாலுக்கும் மிச்சம் வைக்கும் தொகை இது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. ஊரகக் குடும்பங்களின் மொத்தச் செலவில் 46.38 விழுக்காடு உணவுக்குப் போகிறது. அதில் தானியத்தின் பங்கு 4.91 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. காய்கறிக்கு 5.38, பாலுக்கும் பால்பொருள்களுக்கும் 8.33. ஆனால் குளிர்பானம், தேநீர், பிஸ்கட், பொட்டலத் தின்பண்டம் உள்ளிட்ட பானங்களுக்கும் பதப்படுத்திய உணவுகளுக்கும் 9.62 விழுக்காடு. ‘ஏழைகளுக்கு நாக்கு ருசி அதிகமாகிவிட்டது’ என்று இதற்கு உரை எழுதுவோர் உண்டு. நமக்குத் தெரிந்த விளக்கம் வேறு. ஐந்து ரூபாய்ப் பொட்டலம் அழுகாது. அதைக் கொண்டுவரும் நிறுவன வண்டி, காலனியின் கடைசிப் பெட்டிக்கடை வரை வாரந்தவறாமல் வந்து நிற்கிறது. முருங்கைக்கீரையையும் மத்தியையும் அப்படிக் கொண்டுவந்து சேர்க்க யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

விளைவு உடலில் தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இது 57.4 விழுக்காடு, முந்தைய ஆய்வில் 50.7ஆக இருந்தது. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. தட்டு மட்டுமே காரணம் என்று வாதிட மாட்டோம். ஆனால் அரிசி இலவசமாகக் கிடைத்த ஆண்டுகளில்தான் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்பதை மறைக்கவும் இயலாது.

கூறு கட்டும் நேரம்

வாரச்சந்தைக்குச் சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் வருகிறவர் தக்காளியைப் பொறுக்கி எடுப்பார். விளக்கு வைத்தபின் வருகிறவருக்கு, மிஞ்சியதைக் குவியலாக்கிக் கூறு கட்டி வைத்திருப்பார்கள்; பத்து ரூபாய், இருபது ரூபாய். பொறுக்க அனுமதி கிடையாது. பண்ணை வேலையோ கட்டட வேலையோ முடித்துவிட்டு, அன்றைய கூலியோடு வரும் பெண் கூறு கட்டும் நேரத்திற்குத்தான் சந்தையை அடைகிறாள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அந்தக் கூறு இரண்டு நாளைத் தாண்டாது. வாரத்தின் மீதி நாள்களுக்கு ஊர்க்கடை. அங்கே கால் கிலோ, நூறு மில்லி என்று சிறுகச் சிறுக வாங்குவதால் கிலோக் கணக்கில் வாங்குபவரைவிட அதிக விலை. அதுவும் கடனில். அந்தக் கடையோ ஊர்த்தெருவில்.

இங்குதான் உணவுக் கணக்கு சாதிக் கணக்காகிறது. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுக்தேவ் தோரட், சதீஷ் தேஷ்பாண்டே, அமிதா பாவிஸ்கர் ஆகியோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட நூல் ஊரகத் தீண்டாமையை விரிவாகப் பதிவு செய்தது. 35 விழுக்காடு கிராமங்களில் தலித்துகள் தம் விளைபொருளை உள்ளூர்ச் சந்தையில் விற்கத் தடை இருந்தது. கூட்டுறவுப் பால் சங்கங்களில் தலித்துகள் பால் ஊற்ற அனுமதிக்காத கிராமங்கள் ஏறத்தாழ பாதி. பால் வாங்கவே தடுத்தவை கால் பங்கு. காய்ந்த அரிசிக்குத் தீட்டுச் சொல்லாத ஊர், பாலுக்கும் சமைத்த சோற்றுக்கும் தீட்டுச் சொல்கிறது. ஈரமும் நெருப்பும் படும் உணவில்தான் சாதி கூர்மையாகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று எழுந்த எதிர்ப்பும் அதையே காட்டியது. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே, 2004 ஏப்ரல் 20 அன்று, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம், சமையலர் நியமனத்தில் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை தர உத்தரவிட்டிருந்தது.

விற்பவராக மாறினால் நிலைமை மாறாதா என்று கேட்கலாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் தொடங்கிய உழவர் சந்தை, தரகரை விலக்கிய நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கு கடை போட உழவர் அடையாள அட்டை வேண்டும். நிலமும் பயிரும் சரிபார்க்கப்பட்ட பின்பே அட்டை. வாய்மொழிக் குத்தகையிலும் வாரத்திலும் பயிரிடும் தலித் உழவரிடம் காட்டுவதற்கு ஏது தாள்? 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் அவர் கையில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்பட்டிருக்காது. அது தனிக்கதை.

சேரிக்குக் கட்டுப்படியான புரதம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது: மாட்டுக்கறி. ஆட்டுக்கறி விலையில் பாதிக்கும் குறைவு; இரும்புச்சத்தும் உண்டு. அதற்கு அரசு காட்டும் மரியாதை 2022 மே மாதத்தில் தெரிந்தது. திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இதைப் பாகுபாடாகக் கருதி மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஊட்டச்சத்துப் பற்றிய அரசு விளம்பரங்களில் மாட்டுக்கறி ஒருமுறையேனும் இடம்பெற்று நாம் பார்த்ததில்லை.

நகரத்திலும் இதே கதை, தூரத்தின் வடிவில் நடக்கிறது. சென்னையின் கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகள், கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் அனுப்பப்பட்டனர். 2019 டிசம்பரில் சத்தியவாணி முத்து நகர் மக்களுக்கும் அதுவே நேர்ந்தது. அவர்கள் இழந்தவற்றின் பட்டியலில் வேலையும் பள்ளியும் இடம்பெற்றன. நடந்துபோய் மீன் வாங்க முடிந்த சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தையை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. குடியிருப்பு மாற்றத்தின்போது ‘வாழ்வாதாரம்’ என்ற சொல்லுக்குள் சந்தையின் அண்மையும் அடங்கும் என்று வாதிட வேண்டிய காலம் இது.

அரிசிக்குப் பதில் பணமா?

‘தானியத்தை நிறுத்திவிட்டுப் பணமாகக் கொடுத்துவிடுங்கள், வேண்டியதை வாங்கிக்கொள்ளட்டும்’ என்ற யோசனை இந்த இடத்தில் வரும். இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரியில் 2015 முதல் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை வந்தது. ரேஷன் கடைகள் படிப்படியாக மூடப்பட்டன. ஊழியர்கள் சம்பளமின்றித் தவித்தனர். பணமா அரிசியா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தது அரிசியைத்தான். 2024 அக்டோபரில் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. விலை ஏறும்போது பணம் சுருங்கும், அரிசி சுருங்காது. எனவே அரிசியை விட்டுக்கொடுத்துக் காய்கறி கேட்பது நம் நிலைப்பாடாக இருக்க முடியாது. அரிசியோடு கூடுதலாகக் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்க வழி உண்டா? உண்டு. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விநியோகிக்கப்படும் பொருள்களைக் காலப்போக்கில் பலவகைப்படுத்துவதை அரசின் கடமைகளுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. கடைகளைப் பெண்கள் குழுக்கள், ஊராட்சிகள், கூட்டுறவுகளிடம் தருவதில் முன்னுரிமை காட்டவும் அதே பிரிவு சொல்கிறது. நடைமுறையில் இயலாது என்ற வாதத்தை அரசே முறியடித்திருக்கிறது: 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது, சென்னையில் முதலில் 82 ரேஷன் கடைகளிலும் பின்னர் மேலும் பல கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டு வாசலுக்கே ரேஷன் வண்டி வருகிறது. நெருக்கடிக் காலத்தில் தக்காளியையும், மாதம் ஒருமுறை அரிசியையும் தெருவுக்குக் கொண்டுவர முடிந்த அரசால், வாரம் இருமுறை முட்டையையும் கீரையையும் காலனிக்குக் கொண்டுவர முடியும். இதற்கான நிதிக்கு, 2024இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின்கீழ்க் கோரிக்கை வைப்பதில் தவறில்லை. அந்த நிதி பொதுச் செலவுகளுக்குத் திருப்பிவிடப்படுவதைப் பேசும் நாம், அது எதற்குச் செலவாக வேண்டும் என்பதையும் ஊர் பெயரோடு எழுதிக் கொடுக்க வேண்டும்.

உரிய அரிசியும் வராமல் போகும் இடங்களுக்கு வேறு கருவி. உரிமையான தானியம் வழங்கப்படாவிட்டால் 8ஆம் பிரிவின்படி உணவுப் பாதுகாப்புப் படி கோரலாம். குறைந்தபட்ச ஆதரவு விலையின் 1.25 மடங்கிலிருந்து விநியோக விலையைக் கழித்துக் கிடைக்கும் தொகையை, வழங்காத அளவால் பெருக்கித் தர வேண்டும் என்பது 2015 விதி. மனு 15ஆம் பிரிவின்கீழ் மாவட்டக் குறைதீர் அலுவலருக்கு. அங்கு தீராவிட்டால் மாநில உணவு ஆணையத்திற்கு. விரல்ரேகை பதியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொரு முறையும் தேதியைக் குறித்து வைக்கச் சொல்கிறோம். தேதி இல்லாத குறை எந்த அலுவலகத்திலும் குறையாக நிற்பதில்லை.

அதிகாரியின் கேள்விக்கு விடை

கடைக்குள் நுழைவது நம் அரசியலமைப்பில் அடிப்படை உரிமை. உறுப்பு 15(2) கடைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய அவையில் இது குறித்து எழுந்த கேள்விக்கு, ‘கடை’ என்ற சொல் இங்கு விரிந்த பொருளில் ஆளப்படுகிறது என்றும், கட்டணம் செலுத்த ஒப்பினால் சேவை தரும் எவரையும் அது உள்ளடக்கும் என்றும் அம்பேத்கர் விளக்கினார். முடிதிருத்தகமும் சலவையகமும் அன்று அவையின் முன் இருந்த எடுத்துக்காட்டுகள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் இன்னும் ஓரடி முன்னே சென்றது. பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதும், விதிப்பதாக மிரட்டுவதும் 3(1)(இசட்.சி) உட்பிரிவின்கீழ்க் குற்றம்; ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. எது பொருளாதாரப் புறக்கணிப்பு என்பதை 2ஆம் பிரிவு நான்கு வகையாக வரையறுக்கிறது. வணிகம் செய்ய மறுப்பது அவற்றில் முதல் வகை மட்டுமே. மூன்றாவது வகையைச் சட்ட மாணவர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: வழக்கமான வணிகத்தில் எந்த நிபந்தனைகளின்பேரில் ஒன்று பொதுவாகச் செய்யப்படுமோ, அந்த நிபந்தனைகளின்பேரில் அதைச் செய்ய மறுப்பது. வாரக்கடன் அந்த ஊரின் வழக்கமான நிபந்தனை. ஏழு மாத நோட்டு அதற்குச் சாட்சி. ஊர்த்தெருவுக்கு இன்றும் தொடரும் நோட்டுகள் இன்னொரு சாட்சி. கடன் கொடுப்பது கடைக்காரர் இஷ்டம் என்பது உண்மைதான். சாதி பார்த்து, புகார் கொடுத்ததற்குப் பழிவாங்க அந்த இஷ்டத்தைச் செலுத்தினால் அது குற்றம். பொருளைக் காசுக்குக் கொடுத்தார் என்பதால் மட்டும் அவர் தப்பிவிட முடியாது.

இச்சட்டம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று சோர்வடைவோருக்கு, தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தை நினைவூட்டுகிறோம். 2022 செப்டம்பரில் தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் விற்க மறுத்த காணொலி பரவியது. கடை மூடி முத்திரையிடப்பட்டது, கைதுகள் நடந்தன, சட்டத்தின் 10ஆம் பிரிவைப் பயன்படுத்தி, குற்றம் சாட்டப்பட்டோர் ஊருக்குள் நுழையச் சிறப்பு நீதிமன்றம் ஆறு மாதத் தடை விதித்தது. அங்கு காணொலி இருந்தது. பெரும்பாலான ஊர்களில் அது இருக்காது. நோட்டுதான் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. ஆகவே புறக்கணிப்பு நடந்த மறுநாளே செய்ய வேண்டியவை சில உண்டு. கடன் நோட்டைக் கடைக்காரர் ‘கணக்குப் பார்க்க’ என்று வாங்கிக்கொள்ளும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுக்க வேண்டும். எத்தனை குடும்பங்களுக்குக் கடன் நின்றது, எந்தத் தேதியில், என்ன சொல்லி என்று வீடுவாரியாக எழுத வேண்டும். அடுத்த கடை எவ்வளவு தூரம், போய்வரப் பேருந்துச் செலவு எவ்வளவு, அதற்காக இழந்த கூலி எவ்வளவு என்பதும் மனுவில் வர வேண்டும். விசாரணையைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும் என்பதையும், 2016 திருத்த விதிகளின்படி புறக்கணிப்புக்கு ஆளானவருக்கு 1 லட்சம் ரூபாய் நிவாரணத்தோடு, பிறருக்குச் சமமான பொருளாதார, சமூக வசதிகளை மீட்டுத்தர வேண்டிய பொறுப்பும் உண்டு என்பதையும் முதல் மனுவிலேயே குறிப்பிடுவது நல்லது. தொகையைக் கேட்கும் பலர் இரண்டாவதைக் கேட்க மறந்துவிடுகின்றனர். கடை மீண்டும் நோட்டைத் திறக்க வேண்டும், அல்லது அரசு காலனிக்குள் ஒரு கடையைத் திறக்க வேண்டும் என்று கேட்பதற்கு அடிப்படை அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வழக்கில் அந்த இரண்டாவது கோரிக்கையைத் தனி மனுவாக ஆட்சியரிடம் கொடுத்திருக்கிறோம்: காலனியின் மகளிர் குழு நடத்தும் பகுதிநேரக் கடை, அதில் அரிசி, பருப்போடு காய்கறியும் முட்டையும். பதில் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு அந்தப் பெண்கள் ஆளுக்கொரு நாள் முறைவைத்து எட்டுக் கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊருக்குப் பேருந்தில் சென்று, பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் காய் வாங்கி வருகின்றனர். போகிறவருக்கு அன்று கூலி இல்லை. அந்தக் கணக்கையும் ஒரு புதிய நோட்டில் எழுதி வரச் சொல்லியிருக்கிறோம். அடுத்த வாய்தாவில் அதையும் தாக்கல் செய்வோம்.